பிளாகர்: ஃப்ரீலான்ஸ் எழுத்து வேலைக்கு ஒன்பது வருடம் பயன்படுத்திய பிறகு

“நீங்க எழுதினதுல ரெண்டு சாம்பிள் அனுப்புங்களேன்” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது என்னிடம் அனுப்ப ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் நான் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், கைப்பேசிச் செயலிகளுக்கான தமிழ், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வாழ்க்கைக் கதை (அவர் பெயரில்தான் வரும் என்று பேசித்தான் எழுதிக் கொடுத்தேன்) என்று எல்லாம் சேர்த்தால் சில லட்சம் சொற்களாவது தேறும். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. பாதி வேலை ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச் செய்தது, வெளியே காட்டினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். மீதி ஏஜென்சி வழியாக வந்தது, அதில் எந்த நிறுவனத்துக்காக எழுதுகிறோம் என்பதே சில நேரம் நமக்குச் சொல்லப்படாது. அந்த வேலை கைநழுவிப் போனது. அன்று ராத்திரியே உட்கார்ந்து கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் ஒரு வலைப்பூ திறந்தேன். அது 2016.

இந்த விமர்சனம் முழுக்க அந்த ஒரு பிரச்சினையை வைத்துத்தான். வலைப்பூவில் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல் எழுதிப் பிழைக்கிற ஒருவர் தன் பெயரில் நாலு பக்கம் வைத்துக்கொள்ள பிளாகர் எவ்வளவு உதவுகிறது, எங்கே தடுக்கிவிடுகிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

பிளாகர் பழைய சாமான். 1999-ல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது. தமிழில் வலைப்பதிவு பரவிய முதல் சில வருடங்களில் பலர் இதில்தான் எழுதினார்கள், அப்புறம் அவர்களில் நிறையப் பேர் முகநூலுக்குப் போய்விட்டார்கள். அதனால் இப்போது வேலைக்கு வருகிற இளையவர்களிடம் பிளாகர் என்று சொன்னால் “அது மூடிட்டாங்கல்ல அக்கா?” என்கிறார்கள். மூடவில்லை. ஜிமெயில் இருந்தால் கால் மணி நேரத்தில் திறந்துவிடலாம். காசு கிடையாது, நாமாகப் போட்டால் ஒழிய பக்கத்தில் விளம்பரமும் வராது. ஓஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கிற இடம்), சர்வர், பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று எதையும் நாம் தொடத் தேவையில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2018-ல் “பிளாக்ஸ்பாட் எல்லாம் புரொபஷனலா இருக்காது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு (பிளாகர் தருகிற இலவச முகவரியில் பிளாக்ஸ்பாட் என்ற பெயர் வரும்), காசு கொடுத்து ஓஸ்டிங் வாங்கி வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினேன். முதல் வருடக் கட்டணம் மலிவாக இருந்தது. இரண்டாம் வருடம் புதுப்பிக்கப் போனால் அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். கட்டினேன். அந்த வருடமே ஒரு நாள் தளம் முழுக்க வெள்ளையாகிப் போனது, பக்கமே வரவில்லை. ஓஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு மூன்று நாள் எழுதிக்கொண்டே இருந்தேன். புதிதாக ஒருவர் என் வேலையைப் பார்க்க வருகிற வாரம் அது. வேர்ட்பிரஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன், 2003-லிருந்து வளர்ந்து வருகிற அருமையான மென்பொருள் அது, தனியாக ஒரு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிற பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் எழுதுவதும் நானே, பில் போடுவதும் நானே, வராத பணத்துக்குப் போன் செய்வதும் நானே என்று இருக்கும்போது சர்வரையும் நானே பார்க்க முடியவில்லை. புதுப்பித்த எட்டு மாதத்தில் பிளாகருக்கே திரும்பினேன்.

திரும்பியதை என் வாசகர்களில் பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. காரணம் டொமைன், அதாவது தளத்துக்கு நாம் வாங்குகிற சொந்த முகவரி. இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வலைப்பூவைப் பிளாகரில் வையுங்கள், ஆனால் முகவரியை உங்கள் சொந்தப் பெயரில் வாங்குங்கள். டொமைனுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஆகும், அதைப் பிளாகரோடு இணைக்கக் கூகுள் காசு கேட்பதில்லை. டொமைன் விற்றவரின் தளத்தில் டிஎன்எஸ் பகுதிக்குப் போய் (முகவரி எந்தத் தளத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்கிற இடம்), பிளாகர் காட்டுகிற ‘சிநேம்’ என்ற இரண்டு குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து அப்படியே ஒட்ட வேண்டும், பிறகு பிளாகர் அமைப்பில் எச்டிடிபிஎஸ் என்கிற பாதுகாப்பான இணைப்பை இயக்க வேண்டும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை அதுவே புது முகவரிக்கு அனுப்பிவிடும். நாளைக்கே பிளாகர் பிடிக்காமல் வேறிடத்துக்குப் போனாலும், வீட்டு எண் மாறாமல் வீட்டை மட்டும் மாற்றுகிற மாதிரி, அதே முகவரியை அங்கே திருப்பிவிடலாம். டொமைனை உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே வாங்குங்கள். தெரிந்த பையன் வாங்கித் தருகிறேன் என்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவன் வேலை மாறி ஊர் மாறிப் போன பிறகு புதுப்பிக்க ஓடிபி அவன் போனுக்குப் போகும்.

சரி, இப்போது முக்கியமான இடம். வேலை வருகிறதா?

வருகிறது. ஆனால் எந்தப் பதிவால் வருகிறது என்பது நான் நினைத்த மாதிரி இல்லை. இந்த ஒன்பது வருடத்தில் நூற்று நாற்பது பதிவுக்கு மேல் போட்டிருக்கிறேன். அவற்றில் எனக்கு வேலை கொண்டுவந்தவை ஐந்தோ ஆறோதான், அந்த ஐந்தாறும் ஒரே வகை: நான் தினமும் செய்கிற வேலையில் ஒரு சின்னச் சிக்கலை எடுத்து, அதை எப்படி அவிழ்த்தேன் என்று காட்டியவை.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆய்வக அறிக்கையைத் தமிழ்ப்படுத்தும்போது ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்கு ‘எதிர்மறை’ என்று போடுவது வழக்கம். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் அறிக்கையைக் கையில் வாங்குகிற ஒரு அம்மாவுக்கு ‘முடிவு: எதிர்மறை’ என்று படித்தால் வயிற்றைக் கலக்கிவிடும், ஏதோ கெட்டது வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். நோய் இல்லை என்ற நல்ல செய்தியை அந்தச் சொல் கெட்ட செய்தியாக்கிவிடுகிறது. ‘நேர்மறை’ இன்னும் மோசம், தொற்று இருப்பவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். ‘தொற்று இல்லை’, ‘தொற்று உள்ளது’ என்று எழுதினால் முடிந்தது, பக்கத்திலேயே மருத்துவருக்காக நெகட்டிவ், பாசிட்டிவ் என்றும் போட்டுவிடலாம். இதே பதிவில் ‘வெறும் வயிற்றில்’ பற்றியும் எழுதினேன். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தால், நம் ஊரில் பாதிப் பேர் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவார்கள், காப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் நாம் சேர்ப்பதே இல்லை. அதனால் ‘காப்பி, டீ, பால் எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்’ என்று விரித்து எழுத வேண்டும். மூலத்தில் அந்த வரி இல்லை, ஆனால் படிக்கிறவருக்கு அது இல்லாமல் சரியாகப் புரியாது, அப்போது மொழிபெயர்ப்பாளர் வாடிக்கையாளரிடம் கேட்டு அதைச் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தப் பதிவை எழுதிய வாரம் இருபது பேர் படித்திருப்பார்கள். பதினான்கு மாதம் கழித்து ஒரு போன். “மேடம், நெகட்டிவ் பாசிட்டிவ் பத்தி எழுதினது நீங்கதானே? எங்ககிட்ட நோயாளிங்களுக்குக் கொடுக்கிற கையேடு இருக்கு, தமிழ்ல யாருக்கும் புரியலைன்னு டாக்டருங்களே சொல்றாங்க.” ஆஸ்பத்திரிகளுக்கு அச்சு வேலை செய்து கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம். அந்த ஒரு போனில் தொடங்கிய வேலை நாலு வருடம் நடந்தது. அவர் என்னிடம் சாம்பிள் கேட்கவில்லை, விலையில் பேரம் பேசவில்லை, சோதனைக்கு இலவசமாக ஒரு பக்கம் செய்துகொடுங்கள் என்றும் சொல்லவில்லை. நான் எப்படி யோசிக்கிறேன் என்பதை அவர் ஏற்கனவே படித்துவிட்டிருந்தார். பெயர் தெரியாத என் மற்ற வேலைகளில் எதுவும் எனக்கு இதைச் செய்து கொடுத்திருக்க முடியாது.

முகநூலில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே அன்றைக்கு இருநூறு பேர் விரும்பியிருப்பார்கள், மூன்றாம் நாள் கீழே போயிருக்கும். பதினான்கு மாதம் கழித்து ஒருவர் கூகுளில் தேடும்போது அது கண்ணில் பட வாய்ப்பு குறைவு. ஃப்ரீலான்ஸ் வேலை நமக்கு வேண்டிய நாளில் வராது, கொடுப்பவருக்குத் தேவை வருகிற நாளில்தான் வரும், அந்த நாளில் நம் எழுத்து தேடலில் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சர்ச் கன்சோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவும் கூகுளின் இலவசக் கருவிதான், பிளாகரோடு இணைப்பது சுலபம். பிளாகருக்குள் வருகிற பார்வைக் கணக்கைவிட எனக்கு இதுதான் உபயோகமானது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதையும் காட்டும். அதைப் பார்த்த பிறகு நான் தலைப்பு வைக்கிற விதமே மாறியது. அதுவரை கவிதை மாதிரி தலைப்பு வைத்துக்கொண்டிருந்தேன். ‘வயிறு எப்போது வெறும் வயிறு?’ என்று நான் எழுதியதை யாரும் தேடவில்லை, ‘சர்க்கரை டெஸ்ட் முன் என்ன சாப்பிடக் கூடாது’ என்றுதான் தேடினார்கள். இப்போது மக்கள் கேட்கிற மாதிரியே தலைப்பு வைக்கிறேன், அழகை உள்ளே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து ‘என் வேலை’ என்றொரு பக்கம். பிளாகரில் பதிவு வேறு, பக்கம் வேறு. பதிவு தேதி வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போகும், பக்கம் மேலே மெனுவில் அப்படியே நிற்கும். அந்தப் பக்கத்தில் நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், எத்தனை நாளில் செய்வேன், எப்படிக் கணக்குப் போடுவேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். விலையைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொகையைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம், ஆனால் எந்தச் சொல்லை எண்ணுவோம் என்பதைக் கட்டாயம் போடுங்கள். ஆங்கிலத்தில் ‘இன் த ஹவுஸ்’ மூன்று சொல், தமிழில் ‘வீட்டில்’ ஒரே சொல். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போவதால், என் வேலைகளில் ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருப்பது தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதாகச் சுருங்குகிறது. தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு கொடுத்தால் நாம் நன்றாகச் சுருக்கி எழுத எழுத நமக்கே நஷ்டம். ‘மூலத்தின் சொற்களை எண்ணுவேன்’ என்ற ஒரு வரி அந்தப் பக்கத்தில் இருப்பதால் எத்தனையோ மனத்தாங்கல் வராமல் போயிருக்கிறது.

மீதிப் பதிவுகள், அதாவது வேலை கொண்டுவராத நூற்று முப்பது சொச்சம்? அவற்றில் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியது இருக்கிறது, வெள்ளம் வந்த வருடத்தில் எங்கள் தெருவைப் பற்றி எழுதியது இருக்கிறது. அவற்றை நான் எடுக்க மாட்டேன், அவைதான் எனக்கு எழுத்தில் கைப்பழக்கம் கொடுத்தவை. பிறர் பெயரில் நாள் முழுக்க எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை சொந்தக் குரலில் ஒரு பக்கம் எழுதுவது எனக்குத் தேவையாக இருக்கிறது. லேபிள் போட்டுப் பிரித்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது ‘மொழிபெயர்ப்பு’ லேபிளின் இணைப்பை மட்டும் அனுப்புவேன்.

இப்போது பிளாகரின் குறைகள். சில குறைகள் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும், ஆங்கிலத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் நான் இவற்றைப் பார்த்ததில்லை.

முதலாவது, முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதிப் பதிவிட்டால் பிளாகர் அதிலிருந்து முகவரியை உருவாக்காது, ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். நாமாகவே தமிழில் அடித்தாலும் ஏற்காது, ரோமன் எழுத்தும் எண்ணும் கோடும்தான் செல்லும். பதிவிடும் முன்பே வலது பக்கப் பட்டியலில் ‘பெர்மாலிங்க்’ என்ற இடத்தைத் திறந்து, ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நாமே முகவரி கொடுத்துவிட வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமென்றால் பதிவைத் திரும்ப வரைவாக்க வேண்டும், ஏற்கனவே பகிர்ந்த இணைப்பும் செத்துப்போகும். வேர்ட்பிரஸ் தமிழ் முகவரியை ஏற்கும், ஆனால் அங்கே வேறு சிக்கல். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிகிறது, மொத்தம் இருநூறு எழுத்துக்குத்தான் இடம், ஆக இருபத்திரண்டு குறிக்கு மேல் போனால் தலைப்பு பாதியில் வெட்டப்படும். கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள் என்பதால் மூன்று நாலு சொல்லிலேயே முடிந்துவிடும். அதை வாட்ஸப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீண்டு கிடக்கும், பார்ப்பவர்கள் ஏதோ வைரஸ் இணைப்பு என்று பயந்து தொட மாட்டார்கள். எந்தத் தளமானாலும் முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பதுதான் இப்போதைக்கு வழி.

இரண்டாவது, எழுத்துரு. பிளாகரின் டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. மேற்கோளைச் சாய்த்துக் காட்டும் தீம்கள் நிறைய. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சாய்வெழுத்து கிடையாது, அதனால் உலாவி நேர் எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. இருபக்கமும் ஓரம் நேராக்குவதையும் நிறுத்துங்கள். நம் சொற்கள் நீளம், கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், இருபுறமும் இழுத்துப் பிடித்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். நான் முக்த மலர் எழுத்துருவைப் போட்டு, வரி இடைவெளியை 1.8 ஆக்கி, சாய்வெழுத்து மொத்தத்தையும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற வரிகள்) நேராக்கிவிட்டேன். தீம் அமைப்பில் சிஎஸ்எஸ் சேர்க்க இடம் இருக்கிறது, நாலு வரிதான். எழுத்துக் கடை வைத்திருப்பவர் பக்கத்தில் எழுத்தே ஒழுங்காகத் தெரியாவிட்டால் எப்படி?

மூன்றாவது, மின்னஞ்சல் சந்தா. முன்பு கூகுளின் ஃபீட்பர்னர் சேவை வழியாகப் புதுப் பதிவு வாசகரின் மின்னஞ்சலுக்குத் தானாகவே போகும். 2021-ல் அந்த வசதியைக் கூகுள் நிறுத்திவிட்டது, பதிலாகப் பிளாகருக்குள் எதையும் கொண்டுவரவில்லை. வாசகரைத் தக்கவைத்து மாதச் சந்தாவில் எழுத வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும் பிளாகரை ஒதுக்குவதற்கு, அவர்கள் சப்ஸ்டாக் பக்கம் போகலாம், அது மின்னஞ்சலை மையமாக வைத்தே 2017-ல் வந்தது. எனக்கு வாசகர் பட்டியலைவிடத் தேடி வருகிற ஒரு வாடிக்கையாளர் முக்கியம் என்பதால் இது பெரிய குறையாகப் படவில்லை. மீடியம் என்கிற எழுத்துத் தளத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிளாகரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எவன் வில்லியம்ஸ்தான் 2012-ல் அதையும் தொடங்கினார். எழுதுவதற்கு அழகான இடம், ஆனால் சந்தா கட்டாத வாசகருக்கு மூடப்படும் கட்டுரைகள் அங்கே உண்டு, சாம்பிள் பார்க்க வருகிறவர் முன்னால் அப்படி ஒரு கதவு இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, கூகுள் ஒரு நாள் இதை மூடிவிட்டால்? நியாயமான பயம். வலைப்பூக்களைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-ல் மூடினார்கள், முகநூல் மாதிரி நடத்திய கூகுள் பிளஸ்ஸை 2019-ல் மூடினார்கள், அதன் வழியாகப் பிளாகரில் எழுதப்பட்டிருந்த கருத்துரைகளும் அதோடு மறைந்தன. பிளாகர் இருபத்தைந்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது என்பது ஆறுதல், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அமைப்புக்குள் போய் ‘பேக்கப்’ எடுக்கிறேன், எல்லாப் பதிவும் கருத்துரையும் ஒரு கோப்பாக இறங்கிவிடும். படங்கள் அந்தக் கோப்பில் வராது, அவற்றுக்கான இணைப்பு மட்டும்தான் இருக்கும், படங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

விளம்பரம் பற்றி ஒரே வார்த்தை. 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்தது, போடலாம், நூறு டாலர் சேர்ந்ததும் கொடுப்பார்கள். நான் போடவில்லை. என் வேலையைப் பார்க்க வந்தவர் கண்ணுக்கு முன்னால் எடை குறைக்கும் மருந்தின் படம் நிற்பதை நான் விரும்பவில்லை.

எதை வலைப்பூவில் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் நாட்டின் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக எழுதினால் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கு. ஃப்ரீலான்ஸாக எழுதினால் முதல் உரிமை எழுதியவருக்குத்தான், கையெழுத்திட்ட எழுத்து மூலம்தான் அது கைமாறும், அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் மொத்த உரிமையையும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ‘ஒரு பக்கத்தை மாதிரியாக என் தளத்தில் காட்டிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள், நான் கேட்டவர்களில் பாதிப் பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்கும்வரை அது எனக்கே தெரியவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள் கவனம்: வலைப்பூவில் போட்டதை ‘ஏற்கனவே வெளிவந்தது’ என்றுதான் பெரும்பாலான பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளும். கதையோ கட்டுரையோ பத்திரிகைக்கு முதலில், வலைப்பூவுக்கு அப்புறம், இதழ் கடையை விட்டுப் போன பிறகு.

திருட்டும் நடக்கும். அந்த ‘வெறும் வயிற்று’ப் பதிவை ஒரு உடல்நலத் தளம் எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போட்டது, கீழே வேறு ஒருவர் பெயரோடு. பெயருக்காகவே நான் திறந்த இடத்திலிருந்து பெயரை உரித்து எடுத்தது எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிளாகரில் பதிவின் தேதியை நாமே மாற்ற முடியும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நல்லவேளை, முக்கியமான பதிவுகளை வெளியிட்ட அன்றே, இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் சேமிக்கிற பழக்கம் எனக்கு இருந்தது, அதன் தேதி மூன்றாம் ஆளின் சாட்சி. அந்த இணைப்போடு எழுதியதும் பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். பதிவிட்டதும் வேபேக் மெஷினுக்குப் போய் முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள், ஒரு நிமிட வேலை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், சந்தா வாசகர் வேண்டும் என்பவருக்கு இரண்டு. என்னைப் போலப் பெயரில்லாமல் எழுதி, பெயரோடு நாலு பக்கம் வேண்டும் என்பவருக்கு நாலு, சொந்த டொமைனோடு இருந்தால் மட்டும். டொமைன் இல்லாமல் என்றால் மூன்று கொடுப்பேன்.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆவணப்படங்களுக்குத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுகிறாள், இரண்டு வருடமாக. “படத்துல என் பேரு வர்றதே இல்லைக்கா, யார்கிட்டயாவது வேலை கேக்கப் போனா காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை” என்றாள். சமீபத்தில் எந்த வரி கஷ்டப்படுத்தியது என்று கேட்டேன். ஒரு மீனவர் ‘வாடை போயி கொண்டல் திரும்புது, கச்சான் எடுத்தா போக மாட்டோம்’ என்று சொல்கிறாராம். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான். சப்டைட்டிலில் வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, இரண்டே வரி, அவர் பேசி முடிக்கிற மூன்று விநாடிக்குள் பார்க்கிறவர் படித்தாக வேண்டும். திசையை மட்டும் போட்டால் காற்றின் பெயர் போய்விடுகிறது, பெயரை அப்படியே போட்டால் வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. அவள் என்ன செய்தாள் என்று போனிலேயே இருபது நிமிடம் சொன்னாள், ஒன்றை விட்டு ஒன்றை மாற்றி, ஐந்து வடிவம் எழுதிப் பார்த்திருக்கிறாள். இப்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுது, அதுதான் உன் முதல் பதிவு என்றேன்.

எழுதிவிட்டாள். டொமைனும் வாங்கிவிட்டாள், தன் பெயரிலேயே. ஐந்து வடிவத்தையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் ஏன் சரியில்லை என்று காட்டி, கடைசியில் எதை வைத்தாள் என்று முடித்திருக்கிறாள், நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லி அனுப்பினேன்: பக்கத்தின் மேலே உன் மின்னஞ்சல் முகவரி இல்லை, அதை முதலில் போடும்மா.